மூன்று நாற்பதுகள்

இந்தக் கதையில் மூன்று நாற்பதுகள் வருகின்றன, கவனிக்க வேண்டிய இரண்டு கிழமைகளும் வருகின்றன. விரல் மடக்கிக்கொண்டே கேளுங்கள், கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. நடுவில் கோபம் வந்தால் அடக்க வேண்டாம். சொல்கிறவனுக்கே அடங்கவில்லை.

நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் நல்லசிவத்தின் ஒரே மகள் கவிநிலா. மருத்துவ நுழைவுத் தேர்வில் முதல் தடவை அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் படிப்பது என்று முடிவானதும், பள்ளியில் அவளுக்கு உயிரியல் எடுத்த எஸ்தர் டீச்சர், அரசுக் கல்லூரிகளில் கடைசி இடம் எத்தனை மதிப்பெண்ணுக்குப் போனது என்று தேடி எடுத்தார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நல்லசிவத்திடம் கொடுத்தார்: ‘கவிநிலாவின் பிரிவுக்கு 560 போதும்.’ அவர் அதை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.

நெடுஞ்சாலையோரம் விடுதியோடு ஒரு பயிற்சி மையம். அதை நடத்தும் மோகன்குமார் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எதுக்கும் ஒரு நாப்பது சேத்தி வெச்சுக்குங்க. அறுநூறு இல்லீன்னா சீட்டும் இல்லீங்க."

வீட்டுக்கு வந்த நல்லசிவம் தன் பங்குக்கு ஒரு நாற்பதைப் போட்டு, மனைவி மரகதத்திடம் 640 என்றார். அதுவும் போதாமல் போய்விட்டால் என்று மரகதத்துக்குப் பயம். பெட்டி அடுக்கும்போது மகளிடம் 680 என்று சொல்லிவிட்டாள். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அந்த மையத்தில் ஒரு வழக்கம். இலக்கு மதிப்பெண்ணை அவரவரே சிவப்பு மையில் அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஞாயிறுதோறும் தேர்வு. இலக்குக்கு எத்தனை குறைகிறதோ அதைப் பென்சிலால் கீழே எழுதுவார்கள். சாப்பாட்டு வரிசையும் அந்தக் குறைச்சல்படிதான். 580 என்று அட்டை மாட்டியவள் 540 எடுத்து முன்னால் நின்றாள். 590 எடுத்த கவிநிலா கடைசியில் நின்றாள். அவள் முறை வரும்போது சாம்பாரில் காய் இருக்காது. ஒரு வருடம் முழுக்க இப்படித்தான் சாப்பிட்டாள், தான் மக்கு என்று நம்பிக்கொண்டே.

உண்மையான தேர்வில் அவள் எடுத்தது 592.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவளுடைய போன் ஒரு வருடமாக பீரோவில் பூட்டிக் கிடந்தது, இப்போதும் கொடுக்கவில்லை. முடிவு வந்த அன்றே நல்லசிவம் மோகன்குமாரைப் போனில் கூப்பிட்டு, என்ன செய்வது என்று கேட்டார். "இலக்குக்கு எம்பத்தெட்டு கம்மிங்க. அறுநூறே தாண்டலையே! திங்கக்கெழம புது பேட்ச் ஆரம்பம், அனுப்பி வைங்க" என்றார் அவர்.

திங்கட்கிழமை பழைய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெற்றோரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவிநிலா அங்கே போய் இறங்கினாள். வாசலில் பெரிய பிளெக்ஸ், ‘எங்கள் சாதனையாளர்கள்’ என்று. மூன்றாவது வரிசையில் அவள் முகம். முகத்துக்குக் கீழே 592.

"இது எப்பங்கண்ணா கட்டுனது?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"வியாழக்கெழமயே கட்டியாச்சு கண்ணு."

மகனைச் சேர்க்க வந்திருந்த ஒரு அம்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீதானா சாமி? எந்தக் காலேஜு எடுக்கப் போற?"

"எனக்குக் கெடைக்காதுங்க."

"592-க்கா? எங்கண்ணன் மக 571, கலந்தாய்வுக்குப் பதிஞ்சாச்சே! வெள்ளிக்கெழம சாயந்தரத்தோட முடிஞ்சுது. நீ பதியவே இல்லியா?"

கவிநிலா அப்பா பக்கம் திரும்பினாள். அவர் கை தானாகப் பர்சுக்குப் போனது. மடிப்பில் கிழிந்துபோன சீட்டைப் பிரித்தார். 560.

கவிநிலா நேரே மோகன்குமார் அறைக்குள் போனாள். பெற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

"பயத்துல சொல்லிட்டேன் கண்ணு" என்று அழுதாள் மரகதம்.

"சார் அறுநூறுன்னாரு. எட்டு கம்மியாயிருச்சேன்னு உட்டுட்டேன் அம்மிணி" என்றார் நல்லசிவம்.

மோகன்குமார் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "பிளெக்ஸ் விளம்பரம்மா. இலக்கு வேற. எல்லாம் உன் நல்லதுக்குத்தான். அட்டையில 680-ன்னு எழுதுனது நீதான?"

"ஆளாளுக்கு நாப்பது போட்டீங்களே, படிக்கறவ நானு. எங்கிட்ட ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்று கத்தினாள் கவிநிலா.

கேட்டவர்களே, மூவரும் ஆளுக்கு நாற்பதுதான் கூட்டினார்கள், மூவருக்கும் ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் இடத்தைப் பறித்தது இவர்களில் யார்?

விடை: தாய்க்குத் தெரிந்தது 640 மட்டும், அவள் பயந்தவள். தந்தை டீச்சரின் சீட்டைப் பர்சில் வைத்துக்கொண்டே பெரிய மனிதர் வாய்ச்சொல்லை நம்பினார். அது மடத்தனம், மன்னிக்கவும் சுலபமில்லை. ஆனால் இடத்தைப் பறித்தவர் மோகன்குமார்தான். சீட்டை அவரும் பார்த்தவர். பதிவு முடிந்தது வெள்ளி, பிளெக்ஸ் கட்டியது வியாழன். 592 சாதனை என்று ஊருக்குச் சொன்னவர், அவளைப் பெற்றவனிடம் மட்டும் அது தோல்வி என்றார். தேர்வுக்கு முன் எண்ணைக் கூட்டியவர்களைக்கூட விட்டுவிடலாம். தேர்வு முடிந்த பின் உண்மையை மறைத்தவரை எப்படி விடுவது? கவிநிலா இந்த விடைக்காகக் காத்திருக்கவில்லை. கழுத்து அட்டையை அவர் மேஜையில் எறிந்துவிட்டு வெளியே வந்தாள். காவலாளியிடம் ஏணியும் பிளேடும் கேட்டாள். அவரும் கொடுத்தார். மூன்றாவது வரிசையில் தன் முகத்தை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். 592-ஐ அங்கேயே விட்டுவிட்டாள், போகிற வருகிறவர்கள் யாருடையது என்று கேட்கட்டும் என்று.