நனைந்த கயிற்றின் கணக்கு

மாசிலாமணி அண்ணாச்சி கணக்கு எழுதும் வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சொல்லிக்கொடுத்த செண்பகவல்லிக்கு முப்பத்தைந்து. கூடப் படித்தவர்கள் எல்லாரும் பி.காம். பிள்ளைகள். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும், யாரோ புது வாத்தியார் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவரும் பெருந்தன்மையாக உட்காரச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோவில்பட்டியில் அவருக்குத் தார்ப்பாய், கயிறு வியாபாரம். தம்பி தங்கவேலுக்கும் அதில் பாதிப் பங்கு. அண்ணன் கல்லாவில், தம்பி கணக்கில் என்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஐப்பசியில் தம்பி அண்ணனைக் கேட்காமல் ஒரு லாரி சணல் கயிறு வாங்கிவிட்டான். கடைக்குப் பின்னால் இறக்கிப் போட்டவன், அதை மூட மறந்துவிட்டான். அடைமழை பிடித்துக்கொண்டது. அத்தனை கயிறும் நனைந்து, பூஞ்சணம் பிடித்து, குப்பைக்குப் போனது.

தார்ப்பாய் விற்கிறவன் கடையில் சரக்கு நனைந்துபோச்சாம் என்று பஜாரே சிரித்தது. நஷ்டத்தைக்கூட அண்ணாச்சி பொறுத்துக்கொண்டார், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. கடை ஆட்கள் முன்னாலேயே தம்பியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். தங்கவேல் பேனாவை மூடி வைத்துவிட்டு இறங்கிப் போனான். இப்போது சாத்தூரில் யாரோ ஒருவர் கடைக்குக் கணக்கு எழுதுகிறான். மூன்று வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை.

அவன் போன பிறகு கடைக் கணக்குப் பேரேட்டை அண்ணாச்சியே எழுதினார், தெரிந்த மட்டும். தம்பி பங்கை முடித்துக் கழித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் ஓதிக்கொண்டே இருந்தார்கள். அதற்கு எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் வகுப்புக்கே வந்தார். முதல் நாளே கேட்டும் பார்த்தார். மற்றதை எல்லாம் படித்துவிட்டுக் கேளுங்கள் என்று செண்பகவல்லி சொல்லிவிட்டாள். அவரும் விடாமல் படித்தார்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, பேரேட்டைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார்.

"எல்லாம் படிச்சாச்சு டீச்சர். இப்பச் சொல்லுங்க, தம்பி கணக்கை எப்படி முடிக்கணும்?"

அவள் பேரேட்டைப் புரட்டினாள். நஷ்டம் எழுதிய பக்கம் வந்ததும் கை நின்றது.

"கயிறு நனைஞ்ச நஷ்டம் இந்த வருஷமும் இருக்கே. மறுபடியும் நனைஞ்சுதா?"

"இல்ல டீச்சர், பழசுதான். போன வருஷத்துலேருந்து கொண்டுவந்தேன்."

"போன வருஷம் எங்கேருந்து வந்தது?"

"அதுக்கு முந்தின வருஷத்துலேருந்து."

சிரிக்கப்போகிறாள் என்று அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரிக்கவில்லை. வருஷக் கடைசியில் எந்தக் கணக்கு என்னவாகும் என்று மெதுவாகக் கேட்டாள். அவர் ஒப்பித்தார். செலவு, வருமானம், நஷ்டம் எல்லாம் பெயரளவுக் கணக்கு. மார்ச்சோடு லாப நட்டக் கணக்குக்குப் போய் முடிந்துவிடும், ஏப்ரலில் அந்தப் பக்கம் ஒன்றுமில்லாமல் தொடங்கும். ஒருத்தர் பெயரில் உள்ள ஆள் கணக்கும் சொத்துக் கணக்கும் அப்படி இல்லை, இருப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வருஷத்துக்குப் போக வேண்டும். பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவர் அவர்.

"அந்த நஷ்டத்தை அந்த வருஷமே ரெண்டு பேர் பங்குலயும் பாதிப் பாதி கழிச்சிட்டீங்க," என்றாள் செண்பகவல்லி. "கயிறு ஒரு தடவைதான் நனைஞ்சுது அண்ணாச்சி. நீங்கதான் வருஷா வருஷம் நனைச்சுக்கிட்டு இருக்கீங்க."

"எழுதலன்னா மறந்துபோகும் டீச்சர்."

"மறந்தா என்ன?"

அண்ணாச்சி அந்த நஷ்டத் தொகையின்மேல் விரலை வைத்தார்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு புதுப் பேரேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வருகிற வருஷத்துக்கான தொடக்க இருப்புகளை இங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னாள். கட்டடம், தராசு, இருக்கிற சரக்கு, பாங்கில் கிடப்பது என்று அவர் ஒவ்வொன்றாக எழுதினார். நஷ்டத்தின் பக்கம் வந்தபோது தலைப்பை மட்டும் எழுதிவிட்டு அவளைப் பார்த்தார். அடுத்த பக்கம் போங்கள் என்று அவள் தலையசைத்தாள். வெறும் பக்கத்தைத் திருப்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்தது தம்பி கடையில் போட்ட முதலின் கணக்கு. பழைய பேரேட்டில் அந்தப் பெயரை எழுதியவன் தம்பிதான். புதியதில் அண்ணாச்சி எழுத வேண்டியிருந்தது. மூன்று வருஷமாக வீட்டில்கூட அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தவர். 'தங்கவேல்' என்று எழுதி முடித்ததும் தம்பியைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த ஒரு கணக்கை முடிக்க வழியே இல்லையா டீச்சர்?"

"ஏன் இல்லாம? அவர் பங்கைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி முடிக்கலாம். ஆனா அந்த ஆள் எதிர்ல இருக்கணும். ஒரு நடை வரச் சொல்லுங்க."

"நான் கூப்பிட்டா வந்துருவான்." அண்ணாச்சி பேனாவை மூடினார். "அதான் பயமா இருக்கு. வந்து நின்னாம்னா நான் என்ன செய்ய?"

செண்பகவல்லி பழைய பேரேட்டை மூடினாள்.

"வீட்டுல மதினிகிட்டச் சொல்லி அவருக்குச் சாப்பாட்டு இலை போடச் சொல்லுங்க. ஆள் கணக்கை இந்த வருஷமே முடிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி."