முதல் அணியின் புகைப்படம்

அன்று மில்காலனி மைதானத்தில் தாசில்தார், நில வியாபாரி ராஜமாணிக்கம், அவருடைய வக்கீல், கால்பந்து கழகத்தின் பதினொரு ஆட்டக்காரர்கள், மாற்று கோல்கீப்பர் ஜெபமணி என்று பதினைந்து பேர் இருந்தார்கள்.

“கழகத்தை ஆரம்பிச்சதே எங்க தாத்தா. மைதானம் எங்க சொத்து. இல்லேன்னு நிரூபிங்கடா, பார்ப்போம்!” ராஜமாணிக்கம் முதல் அணியின் புகைப்படத்தை நீட்டி, அதில் முகம் மங்கிப்போன ஓர் ஆளைக் காட்டினார்.

சிலிண்டர் சுமந்து பிழைக்கும் ஜெபமணி பணிவாகக் கேட்டான்: “தாத்தா வெறுங்காலோட ஆடுனவரா சார்?”

“அடச்சீ! உன்னை மாதிரியா? லண்டன் பூட்ஸ் இல்லாம அவர் மைதானத்துல காலே வச்சதில்லை. எழுதிக்குங்க தாசில்தார் சார்!”

தாசில்தார் எழுதிக்கொண்டார். பிறகு படத்தை வாங்கிப் பார்த்தார். முகம்தான் மங்கியிருந்தது, கால்கள் மங்கவில்லை. பதினொருவரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

“உங்க தாத்தா இதுல இல்ல சார். எதிர் டீம்ல போய்த் தேடுங்க,” என்றான் ஜெபமணி.

மைதானத்துக்கு உரிமை கோரி ராஜமாணிக்கம் கொடுத்திருந்த மனுவைத் தாசில்தார் தள்ளுபடி செய்தார். அவரும் வக்கீலும் காரில் ஏறிப் போனார்கள். மைதானத்தில் மீதி பதின்மூன்று பேர்.