முதலை வாய்

“நாலு வருஷமா நீங்க போடுற மாதிரியே போடுறேன் மாஸ்டர். இன்னும் என்கிட்ட என்ன குறை?” என்று கேட்டான் தணிகைவேல்.

அவனுக்கு முப்பத்து நாலு வயது. லிஃப்ட் மெக்கானிக். மாஸ்டர் ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு. ராயபுரத்தில் பிரேக் டான்ஸ் கிளாஸும் ஒரு குழுவும் நடத்துகிறாள். குழுவில் சேர ஒரே வழிதான்: வட்டத்துக்குள் அவளோடு மோத வேண்டும். அவன் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன்.

“இன்னிக்கும் போச்சுன்னா அவ்ளோதான்ண்ணா. வெளிய நின்னு கை தட்டலாம்,” என்றாள் ஜெனிட்டா.

வட்டம் கூடியது. டிரம்ஸ் அதிர்ந்தது.

ஜெனிட்டா இறங்கினாள். கையூன்றி, கால்களை ஆறு அடிகளாக மாற்றி வைத்து ஒரு சுற்று. முதுகிலும் தோளிலும் உருண்டு காலைக் காற்றாலையாக வீசினாள். ஒற்றைக் கையில் தலைகீழாக நின்று, அசையாமல் ஃப்ரீஸ் ஆனாள்.

தணிகைவேலும் அதே சுற்று, அதே காற்றாலை, அதே ஃப்ரீஸ். சொல்லப்போனால் அவளைவிடச் சுத்தம்.

அவன் எழுந்தபோது ஜெனிட்டா ஒரு கைக்கு மேல் ஒரு கையை நீட்டி, முதலை வாய் போலத் திறந்து மூடிக் காட்டினாள்.

கூட்டம் ஊளையிட்டது. அடுத்தவர் ஆட்டத்தைத் திருடியவன் என்று அர்த்தம். இந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

“நீங்க கத்துக் குடுத்ததுதானே!” என்று கத்தினான். உடம்பெல்லாம் எரிந்தது.

“நியூயார்க் பிராங்க்ஸ்ல இந்த ஆட்டம் எப்படி ஆரம்பிச்சுது?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

“பாட்டு நின்னு வெறும் டிரம்ஸ் வரும்போதுதான் ஜனம் இறங்கி ஆடுச்சு. அதைப் பாத்துட்டு டிஜே ஒரே பாட்டுக்கு ரெண்டு ரெக்கார்டு வெச்சு அந்த இடத்தையே நீட்டி நீட்டி ஓட்டினாரு.”

“அங்க முதல்ல இறங்கினவன் யாரைப் பாத்துப் போட்டான்?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் வட்டத்தின் நடுவைக் காட்டினாள்.

“உங்க ரவுண்டு.”

அவனிடம் இருந்ததெல்லாம் அவளுடையது. டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருந்தது. நின்றான். யாரோ சிரித்தார்கள்.

சடாரென்று விழுந்தான். வலது முழங்கையை ஊன்றினான். அதன்மேல் கோணல்மாணலாகப் புரண்டு, சுழன்று, கால்கள் இரண்டும் மேலே போக, முழங்கை ஒன்றிலேயே நின்றான்.

சிரிப்பு நின்றது.

ஜெனிட்டா பக்கத்தில் வந்து குந்தினாள்.

“உள்ளங்கையை ஏன் ஊனல?”

“இந்த மணிக்கட்டு மடங்காது மாஸ்டர். வேலையில அடிபட்டது. நீங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு இத்தனை நாளா இடது கையிலயே சமாளிச்சேன்.”

அவள் தன் முழங்கையைத் தரையில் வைத்தாள். கால்களைத் தூக்கினாள். தொப்பென்று விழுந்தாள்.

மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தாள்.

“எனக்கு வரல,” என்றாள் மூச்சிரைக்க. “நாளைக்கு நீங்க கிளாஸ் எடுங்கண்ணா.”