வாடாமல்லி நிற அறை

பூரணி அம்மையிடம் வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள், கர்மத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஏகாம்பரம் பெயின்டைப் பற்றிக் கேட்டார்.

ஏலகிரி மலையடிவாரத்தில் இருந்தது அம்மையின் மடம். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு கிணறு, உட்காரப் பாய், அவ்வளவுதான். அம்மைக்கு நாற்பது வயது இருக்கலாம். ஏகாம்பரமோ ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் மகள் வயதில் ஒருவரைக் குருவாகக் கொண்டதில் அவருக்குக் கூச்சம் ஏதும் இல்லை. வியாழக்கிழமைதோறும் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். அன்றுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அம்மா, வீட்டை விக்கப்போறேன். அதுக்கு முன்னாடி சுவத்துக்கெல்லாம் வேற கலர் அடிச்சாகணுங்கறாங்க. அடிக்கலாமா, வேணாமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அம்மை சிரிக்கவில்லை. இப்போது என்ன நிறம் என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், ஏகாம்பரம் மளமளவென்று கொட்டிவிட்டார். வேலையில் இருந்த காலம் முழுக்க ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. எந்த ஊருக்கு மாற்றினாலும் அதே வெளிறிய மஞ்சள் சுவர்தான். ஊர் மாறியது, சுவர் மாறவில்லை. ஓய்வு பெற்றுச் சொந்தமாக ஒரு வீடு கட்டியபோது, ஆசை தீர அடித்துவிட்டார். ஹாலுக்கு மயில்கழுத்து நீலம், சமையலறைக்குத் தக்காளிச் சிவப்பு, படுக்கையறைக்கு வாடாமல்லி. பெயின்டர் ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும், நிச்சயம்தானா சார் என்று கேட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டாராம்.

அம்மையின் கண்கள் விரிந்தன. கதை கேட்கும் குழந்தைபோல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாடாமல்லி ரூம்ல தூக்கம் வருதாங்க ஐயா?"

"நல்லா வருதும்மா. காலைல கண்ணு முழிச்சா கல்யாண வீட்ல படுத்துக் கெடக்கற மாதிரி இருக்கும்."

"அப்புறம் ஏன் விக்கறீங்க?"

ஏகாம்பரத்தின் குரல் இறங்கியது. மனைவி தனபாக்கியத்துக்கு நெஞ்சில் கோளாறு. கோயம்புத்தூரில் இருக்கும் மகள், இனி தனியாக இருக்கவே கூடாது, பக்கத்தில் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அங்கே இடம் வாங்க வேண்டுமானால் இங்கே விற்றாக வேண்டும். தனபாக்கியம் அப்போதே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டார். கட்டி வருஷம் ஒன்றாகிறது. ஒரு குக்கரையும் ஒரு வாணலியையும் வைத்துக்கொண்டு இன்னும் சமைத்துக்கொண்டிருக்கிறார்.

வீடு பார்க்க வந்தவர்களுக்குக் குறைச்சல் இல்லை. ஒருவர், பால்வாடி நடத்தினீர்களா என்று விசாரித்தார். இன்னொருவர் சமையலறை வாசலிலேயே நின்று, உள்ளே போகக் கண் கூசுகிறது என்றார். தரகர் முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். மொத்தமாக க்ரீம் கலர் அடியுங்கள் சார், ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று கெஞ்சிக் கேட்டார்.

"அதான் யோசனையா இருக்கும்மா. உள்ளதை மறைச்சு விக்கறது பொய்யில்லையா? உள்ளபடி காட்டறதுதானே உண்மை?"

கேள்வி இப்போது மடத்துக்கு ஏற்றதாகிவிட்டது. பின்வரிசைக்காரர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

உண்மையா பொய்யா என்பதில் அம்மைக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. வந்தவர்கள் கேலி பேசியபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். ரசனை கெட்ட ஜனங்கள் என்று விட்டுவிட்டேன், தூக்கம் ஒன்றும் கெடவில்லை என்றார் ஏகாம்பரம்.

"புடிச்சிருக்குன்னு யாருமே சொல்லலியா?"

"ஒருத்தரும் சொல்லலம்மா."

"அப்ப அடிக்காதீங்க. அப்படி ஒருத்தர் வரட்டும். வந்துட்டுப் போனதும் என்னை வந்து பாருங்க."

ஏகாம்பரம் வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனார். அம்மாவே சொல்லிவிட்டார், இந்தச் சுவர்களை யாரும் தொடக்கூடாது என்று மனைவியிடம் அறிவித்தார். தனபாக்கியம் சாக்கை அவிழ்த்து, இட்லிக் கொப்பரையை மட்டும் வெளியே எடுத்துவைத்தார்.

மழை தொடங்கிய சமயத்தில் முனிரத்தினம் ஒரு இளம் ஜோடியைக் கூட்டிவந்தார். அவன் லாரி ஷெட்டில் மெக்கானிக். அவள் ஜாக்கெட் தைப்பவள், பெயர் நிலவேணி. ஹாலுக்குள் வந்ததுமே பேச்சை நிறுத்திவிட்டாள். சமையலறையை எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். படுக்கையறைக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தால், தரையில் உட்கார்ந்து வாடாமல்லிச் சுவரில் முதுகைச் சாய்த்திருந்தாள்.

"பொறந்ததுலேருந்து வாடகை வீடுங்க சார். சுவத்துல ஒரு ஆணி அடிக்கவும் விட்டதில்ல. இந்தக் கலரை மாத்தாம இப்படியே குடுப்பீங்களா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனுஷன் ஒரு வருஷம் தவம் கிடந்தார். சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் எழுந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்தச் சுவத்துல ஈரம் இறங்குதும்மா. அடுத்த வாரம் மொத்தத்தையும் சுரண்டிட்டு வெள்ளை அடிக்கப்போறேன்."

நிலவேணி சட்டென்று முதுகை எடுத்துக்கொண்டாள். முனிரத்தினம் பேயறைந்ததுபோல் நின்றார். தனபாக்கியம் வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். சண்டை போடுவார் என்று ஏகாம்பரம் எதிர்பார்த்தார். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நெசமாவே ஈரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார் தனபாக்கியம்.

ஏகாம்பரம் சுவரைத் தடவிப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை தரகர் போன் செய்தார். அந்தப் பிள்ளைகள் வேறு வீடு பார்த்துவிட்டார்கள், சாயங்காலம் பேசி முடிக்கப்போகிறார்கள் என்றார். ஏகாம்பரம் சட்டையை மாட்டிக்கொண்டு மடத்துக்கு ஓடினார். வியாழக்கிழமை இல்லை. அம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். உண்மை, பொய் என்று இங்கே வந்து பெரிதாகப் பேசிய வாயால்தான் நல்ல சுவருக்கு ஈரம் என்று புளுகினேன் என்பதையும் சொன்னார்.

"கேலி பண்ணினவங்க வந்தப்போ ஒண்ணும் தோணலம்மா. புடிச்சிருக்குன்னு ஒருத்தி வந்தா, அவளைத் தாங்க முடியல. ஏம்மா அப்படி?"

அம்மை புடவையைப் பிழிந்து, ஒரு முனையை அவரிடம் நீட்டினார். இருவரும் சேர்ந்து உதறிக் கொடியில் போட்டார்கள்.

"கேலி பண்ணினவங்க எங்க சாஞ்சு உக்காந்தாங்க ஐயா?"

"அவங்க எங்க உக்காந்தாங்க? நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போயிட்டாங்க."

"அந்தப் பொண்ணு?"

புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் தான் இத்தனை வருஷமாகச் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்தது ஏகாம்பரத்தின் நினைவுக்கு வந்தது. அதே இடம்தான். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டார்.

"நான் பண்ணது தப்பும்மா. இப்பவே போன் பண்ணி அவங்களுக்கே தந்துடறேன். தனபாக்கியம் இனிமேலும் காத்துக் கெடக்க வேணாம்."

"ம்."

"ஒரே ஒரு விஷயம். அந்தக் கலரை மாத்தமாட்டேன்னு ஒரு வார்த்தை மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட வாங்கிக்கறேன். அவளுக்கும் புடிச்சதுதானே, சந்தோஷமா சொல்லிடுவா. கேக்கலாம் இல்லையாம்மா?"

அம்மை இந்தமுறை சிரித்துவிட்டார். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"அடிக்கலாமா வேணாமான்னு ஒரு கேள்வி கொண்டுவந்தீங்களே ஐயா, அதையும் வீட்டோட சேர்த்து அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க."