மாசிலாமணிக்கு ஊதிய சங்கு

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனி. அங்கே பேக்கிங் பார்க்கும் செண்பகவல்லிக்கு மிஷினை ஆட்டிவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வினோத ஆசை. மிட்டாய் வெட்டும் மிஷினுக்கு மூளையாக இருக்கும் அந்தக் காலத்துக் கன்ட்ரோலரைப் போலவே ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் பிடித்து வந்தாள். அதைத் தன் வீட்டுக் கோழிக்கூண்டுக் கதவில் மாட்டி, புரோகிராம் எழுதிப் பழகினாள். முதல் வாரம் கோழிகள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

சேதி முதலாளி மாசிலாமணி காதுக்குப் போயிற்று.

"கோழிக்கே எழுதுறவ நம்ம மிஷினுக்கும் மாத்தி எழுது. பக்கத்துல எவனாவது கை ஆடாம நின்னா மிஷின் நின்னு சங்கு ஊதணும். நாளைக்குள்ள முடியலைன்னா கோழியோடயே இருந்துக்கோ!"

"எழுதிருதேன் மொதலாளி."

மறுநாள் லேப்டாப்பில் மாற்றி எழுதி, கை அசைவைக் கவனிக்கும் சென்சார் மாட்டி ஓடவிட்டாள். பாகு ஊற்றுகிறவர்கள், தட்டு அடுக்குகிறவர்கள் யாருக்கும் கை ஓயவில்லை, மிஷினும் ஓயவில்லை. மாசிலாமணி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

மிஷின் நின்றது. ஊஊஊ என்று சங்கு ஊதியது.

விலகினார், அடங்கியது. திரும்பி வந்து நின்றார், ஊதியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்கு மட்டும் ஊதக் கூடாதுன்னு எழுது!"

"அதுக்கென்ன மொதலாளி, இன்னாருக்கு இன்ன வேலைன்னு சொன்னாத்தான் மிஷினுக்குப் புரியும். நீங்க என்ன வேலை பாக்கீங்க? சொல்லுங்க, எழுதிருதேன்."

மாசிலாமணி யோசித்தார். அசையாமல் நின்று யோசித்ததால் சங்கு மறுபடி அலறியது. பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த தட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். சத்தம் நின்றது.

"தட்டு அடுக்குதவரு" என்று சொல்லிக்கொண்டே செண்பகவல்லி லேப்டாப்பில் தட்டினாள்.