வாத்து வாங்கிய ஆண் பின்

அல்லிக்குளத்து வாத்துக்கு ஊர் சுற்றத் தெரியும், வாயடிக்கத் தெரியும், அடைகாக்க மட்டும் தெரியாது. வாத்துக் குலமே அப்படித்தான். அதனால் தன் முட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தது. சோலார் தகடு பேட்டரியை நிரப்பும். பேட்டரி பல்பை எரிக்கும். பல்பு அடைகாக்கும். வாத்து நீந்தப் போய்விடும்.

அந்தக் காட்டில் எல்லோரிடமும் பேட்டரி உண்டு. கரடி அதில் தேன் உருக்கியது. முள்ளம்பன்றி வண்டி ஓட்டியது. ஆனால் ஒயர் முனையில் மாட்டும் பின் ஆளுக்கொரு அளவு. கரடியின் பின் உலக்கைப் பருமன், முள்ளம்பன்றியின் பின் ஊசி. ஆபத்து அவசரத்துக்கு ஒருவர் கரண்ட் இன்னொருவருக்கு உதவாது. ஆகவே குளக்கரையில் கூட்டம் போட்டார்கள். இனி கரண்ட் கொடுக்க வாங்க ஆளுக்கொரு தனி ஒயர், அதில் காடு முழுக்க ஒரே அளவு பின் என்று முடிவானது.

நரியின் கடையில் புதுப் பின்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் சிவப்பு ஒயருக்கு ஒரு முனை, கறுப்பு ஒயருக்கு ஒரு முனை.

"நீட்டிக்கிட்டு இருக்கிறது ஆண் பின். குழியா இருக்கிறது பெண் பின். உங்களுக்கு எது?" என்று நரி கேட்டது.

கரடி மார்பை நிமிர்த்தியது. "என் வீட்டு ஒயர்ல பெண் பின்னா? காடே சிரிக்கும். ஆண் பின்னே குடு."

முள்ளம்பன்றிக்கும் அதே ரோஷம். வாத்து யோசித்தது. பெண் பின் வாங்கினால் தன்னை இளக்காரமாகப் பார்ப்பார்களோ?

"நான் மட்டும் என்ன இளைச்சவளா? எனக்கும் ஆண் பின்தான்" என்றது.

விலை போகாத பெண் பின்களை நரி வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சூரியன் தலைகாட்டவே இல்லை. வாத்தின் பேட்டரி தீர்ந்து பல்பு அணைந்தது. முட்டைகளுக்குள் குஞ்சுகள் கொத்தத் தொடங்கியிருந்த நேரம். தொட்டுப் பார்த்தால் ஓடு சில்லிட்டுக்கொண்டே வந்தது. வாத்து தானே ஏறி உட்கார்ந்து பார்த்தது. உடனே வால் அரித்தது. சொறிந்ததில் ஒரு முட்டை உருண்டது. பயத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

அது போட்ட கூச்சலில், முள்ளம்பன்றி கரடியையும் ஏற்றிக்கொண்டு வண்டியோடு வந்து சேர்ந்தது.

"கரண்ட்தானே? வண்டி பேட்டரியில இன்னும் இருக்கு, இந்தா" என்று வண்டியின் ஒயரை நீட்டியது. ஆண் பின். பல்பு ஒயரிலும் ஆண் பின். இரண்டும் சண்டைக் கிடாய்கள் போல முட்டிக்கொண்டு நின்றன.

"ஒரே அளவுதானே, ஏன் சேர மாட்டேங்குது?" என்று கரடி முழுப் பலத்தோடு அழுத்தியது. பின் வழுக்கியது. கரடி சேற்றில் தொபுக்கடீர் என்று விழுந்தது.

முள்ளம்பன்றி கை கொடுத்தது. இருவரும் விரல்களை மடக்கிக் கோத்துக்கொள்ள, கரடி ஒருவழியாக எழுந்தது. வாத்து அந்தக் கைகளையே பார்த்தது.

"அண்ணே, இதுல எது ஆண் கை, எது பெண் கை?"

"கையில ஏது தங்கச்சி ஆணும் பெண்ணும்? ரெண்டு பேரும் விரலை மடக்கினா மாட்டிக்கும்" என்றது கரடி.

"அப்போ பின்னையும் மடக்குங்க."

முள்ளம்பன்றிக்கு முகம் சுண்டியது. "புத்தம் புதுப் பின்னு. வளைச்சா மானம் போயிடாதா?" என்று இழுத்தது.

"உன் மானம் குஞ்சு பொரிக்குமா?" என்று வாத்து சீறியது.

முள்ளம்பன்றி ஒயரைக் கரடியிடம் நீட்டியது. கரடி இரண்டு பின்களின் முனைகளையும் பல்லால் கொக்கியாக வளைத்தது. சிவப்புக் கொக்கியைச் சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் மாட்டி, இரண்டும் உரசாமல் நடுவே காய்ந்த மரப்பட்டையைச் செருகியது. பல்பு எரிந்தது.

மழை விடுவதற்குள் பெட்டி நிறையக் குஞ்சுகள் கத்தின. காடே தன் பின்களை வளைக்கக் கரடி வீட்டு வாசலில் வரிசையில் நின்றது. எல்லாம் தன் யோசனைதான் என்று கரடி பீற்றிக்கொண்டது. வாத்து அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தது. குஞ்சுகளுக்கு நீச்சல் காட்டும் அவசரம் அதற்கு.

ஆளுக்கு ஆள் விறைத்து நின்றால் முட்டிக்கொள்ளத்தான் முடியும், வளைந்து கொடுப்பவர்களால்தான் ஒருவருக்கொருவர் உதவ முடியும்.