பாதிக் கூடுகளின் கதை

ஒரு முள்ளம்பன்றி காட்டில் பத்திரிகை நடத்தியது. தேக்கிலைதான் தாள், நாவல் பழச்சாறுதான் மை. ஆசிரியரின் முதுகிலேயே முட்கள் இருந்ததால் எழுதுகோலுக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை.

எழுத வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. முள்ளம்பன்றி ஒரு பாதாங்கொட்டையைக் கடிக்கத் தொடங்கும். அதைத் தின்று முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கேட்கிற சுவாரசியத்தில் கடிப்பதை நிறுத்திவிட்டால், விஷயம் தேறியது என்று பொருள்.

அந்த முறை மழை இதழின் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதை எழுதுகிறவருக்கு மழைக்காலம் முழுவதும் ஆலமரப் பொந்தில் இடம். போன மழையில் கூடு கலைந்து நடுங்கிக் கிடந்த அணில், அந்தப் பக்கத்துக்காக வந்து நின்றது.

"கடலைப் பற்றி எழுதுகிறேன், அண்ணா."

கடக். "பார்த்திருக்கிறாயா?"

"இல்லை. பெரியது என்று கேள்வி."

கடக், கடக். கொட்டை தீர்ந்தது. முள்ளம்பன்றி இன்னொன்றை எடுத்தது.

"அப்படியானால் சிங்கராஜாவின் வீரம்?"

"அதை ராஜாவே போன இதழில் எழுதிவிட்டார், தங்கச்சி." அந்தக் கொட்டையும் தீர்ந்தது. "பத்து நாள் தருகிறேன். பத்தாம் நாள் வெயில் இந்த வேரைத் தொடுவதற்குள் வா. அப்போதும் தேறாவிட்டால் பக்கம் மைனாவுக்கு."

கிளையில் இருந்த மைனா சிறகைக் கோதியது. 'மழை வந்தால் மயில் ஆடும்' என்ற கட்டுரையை அது நான்கு வருஷமாகக் கொடுத்துவருகிறது.

"அதையேவா மறுபடியும்?" என்றது அணில்.

"மயில் ஆடுவதை நிறுத்தட்டும், நானும் நிறுத்துகிறேன்" என்றது மைனா.

மறுநாள் அணில் மலை உச்சிக்குப் புறப்பட்டது. மேலே ஏறினால் பெரிய விஷயம் ஏதாவது கண்ணில் படும் என்று நினைப்பு. குளக்கரைப் பனைமரத்தைத் தாண்டும்போது தலையில் பொத்தென்று ஒரு பாதிக் கூடு விழுந்தது.

"மன்னித்துக்கொள், அக்கா" என்றது மேலிருந்த ஆண் தூக்கணாங்குருவி. "இது மூன்றாவது. அதோ, அந்தக் குருவிப்பெண் இதையும் வேண்டாம் என்றுவிட்டாள். அதுதான் பிய்த்துப் போட்டேன்."

அணில் உட்கார்ந்துவிட்டது. 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டவர்களின் வருத்தம் அதற்குத் தெரியும்.

"ஏன் வேண்டாமாம்?"

"யாருக்குத் தெரியும்? வந்தாள், இழுத்துப் பார்த்தாள், பறந்துவிட்டாள்."

"நீ கேட்கவில்லையா?"

"கேட்பதா! எங்கள் குலத்தில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது. பிய்ப்போம், மறுபடி பின்னுவோம்."

கோரைப்புல்லில் ஆடிக்கொண்டிருந்த பெண் குருவியிடம் அணில் ஓடியது. "ஏனம்மா வேண்டாம் என்றாய்?"

"காய்ந்த நாரில் பின்னினால் முட்டை தாங்குமா? பச்சை நார்தான் காயக்காய இறுகும். உள்ளே களிமண்ணும் இல்லை."

"களிமண் எதற்கு? மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கவா?"

குருவி சிரித்தது. "பொழுது சாய்ந்தால் தூங்கப்போகிறோம். எங்களுக்கு எதற்கு விளக்கு? காற்றில் கூடு ஆடாமலிருக்கக் கொஞ்சம் பாரம் வேண்டும், அவ்வளவுதான்."

அணில் திரும்பி வந்து சொன்னது. ஆண் குருவி பச்சை நாருக்குப் பறந்தது. ஒவ்வொரு முடிச்சாகக் கூடு வளர, பார்த்துக்கொண்டே இருந்த அணிலுக்கு மலை மறந்தது, மைனா மறந்தது, நாளும் மறந்தது. ஒரு காலையில் பெண் குருவி வந்தது. இழுத்தது. இன்னும் பலமாக இழுத்தது. பிறகு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

அணில் குதித்தது. குதித்த பிறகுதான் அன்று பத்தாம் நாள் என்பது உறைத்தது.

அது ஓடிவந்தபோது வெயில் வேரைத் தொட ஒரு விரற்கடை இருந்தது. மைனா இலையோடு தயாராக நின்றது. முள்ளம்பன்றி கொட்டையை வாயருகே கொண்டுபோனது.

"என்ன விஷயம்?"

"விஷயம் ஒன்றும் கிடைக்கவில்லை, அண்ணா. தேடத்தான் கிளம்பினேன். வழியில் தலைமேல் ஒரு பாதிக் கூடு விழுந்தது..." தாமதத்துக்குக் காரணமாக, நடந்ததையெல்லாம் அணில் மூச்சு வாங்கச் சொன்னது. வெயில் வேரைத் தொட்டது. வேரைத் தாண்டியும் போனது. கொட்டையில் ஒரு பல் கூடப் படவில்லை.

"பன்னிரண்டு வருஷமாக அந்தப் பனையடியில்தான் தண்ணீர் குடிக்கிறேன்" என்றது முள்ளம்பன்றி மெல்ல. "பாதிக் கூடுகளைப் பார்க்காத நாளில்லை. சோம்பேறிகள் என்று நினைத்துவிட்டேன். சரி, உள்ளே போனவள்?"

"இன்னும் உள்ளேதான் இருக்கிறாள், அண்ணா."

முள்ளம்பன்றி கொட்டையை அணிலின் கையில் வைத்தது. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தது. "அப்படியே எழுது."

மழை வந்தது. அணில் பொந்துக்குள் காய்ந்த வாலோடு படுத்திருந்தது. வெளியே, நனைந்துகொண்டே மைனா மயிலிடம் போய், "நீ ஏன் ஆடுகிறாய்?" என்று முதன்முறையாகக் கேட்டது.

எல்லோரும் தினமும் பார்ப்பதைக்கூட 'ஏன்?' என்று நின்று கேட்கிறவருக்கு, எழுத விஷயம் தேடி மலை ஏற வேண்டியதில்லை.